அத்தை பாடிய மூன்றாவது சரணம்

போன வாரம் பூங்காவில் நான் பாதியில் எழுந்து போனதற்கு வயிறு சரியில்லை என்று காரணம் சொன்னேன். அது பொய். என் வயிறு நன்றாகத்தான் இருந்தது. நம் கூட்டத்தில் யாரும் யாரையும் நோண்டிக் கேட்பதில்லை என்பதால் நீங்களும் விட்டுவிட்டீர்கள். ஆனால் எழுபது தாண்டியவர்கள் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டு ஒரே பெஞ்சில் உட்காருவது அழகில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

நம் காலை வேலை என்ன என்று ஊருக்கே தெரியும். நடை என்று சொல்லிவிட்டு வருகிறோம். ஒரு சுற்று முடிந்ததும் உட்கார்ந்து, சினிமாவுக்குக் கவிஞர் எழுதிய பாட்டுகளை யார் யார் எப்படித் திருப்பிப் பாடியிருக்கிறார்கள் என்று போனில் தேடித் தேடிக் கேட்கிறோம். கவிஞர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஆனால் அவர் பாட்டைத் தொடாத பிள்ளை கிடையாது. கிடாரோடு ஒருத்தன், மொட்டைமாடியில் மழைக்கோட்டோடு ஒருத்தி, கம்பெனி ஆண்டுவிழாவில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கத் தொங்க ஒரு கும்பல். எல்லாவற்றையும் கேட்டு முடித்ததும் நீங்கள் என் பக்கம் திரும்புவீர்கள். நான் தீர்ப்புச் சொல்வேன்.

தீர்ப்புச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இருந்ததில்லை. வேகத்தைக் குறைத்துவிட்டால் சோகம் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறவர்களை நான் மதிப்பதில்லை. மூச்சுவிடும் சத்தத்தையெல்லாம் மைக்கில் ஏற்றிக் காதருகே கிசுகிசுக்கிறவர்களையும் மதிப்பதில்லை. அச்சு அசலாக அப்படியே பாடுகிறவர்களைப் பற்றி நான் சொல்வது உங்களுக்கு மனப்பாடம்: அதற்கு அசலையே கேட்டுவிட்டுப் போகலாமே. ஒரு பாட்டை எடுத்தால், அது தனக்கே நடந்த விஷயம் என்பது போல ஓர் இடத்திலாவது பாட வேண்டும். அந்த ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். இன்றைக்கும் முடியும்.

அன்று நம் பேங்க்காரர் போனில் போட்டது வாசல் பாட்டு. கவிஞரின் பாட்டுகளில் அதிகம் திருப்பிப் பாடப்பட்டது அதுதான். ஊரைவிட்டுப் போனவனிடம் ஒரு பெண் பேசுகிறாள். வாசல் கதவை வெறுமனே சாத்தித்தான் வைத்திருக்கிறேன், தாழ்ப்பாள் போடவில்லை என்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. பாடியவள் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் பெண் என்று கீழே போட்டிருந்தது. தமிழில் இரண்டு சரணம் முடித்தாள். பிறகு நிறுத்தாமல் கன்னடத்தில் ஒரு சரணம் பாடினாள்.

"செனாகிதே அல்வா சார், நல்லா இருக்குல்ல?" என்று நம் கன்னட மாஸ்டர் பூரித்துப்போனார். "நம்ம பாஷையும் உங்க பாஷையும் ஒரே பாட்டுல உக்காந்துடுச்சு பாருங்க!"

"ஜட்ஜ் சார், தீர்ப்பு!" என்றார் பேங்க்காரர். "ஒரிஜினல்ல இல்லாததை சேத்துப் பாடியிருக்கா. இது சரியா, தப்பா?"

அந்தக் கேள்விக்குத்தான் எழுந்து போனேன். ஏனென்றால் அதே கேள்வியை அதே பாட்டுக்காக என்னிடம் இதற்கு முன் ஒருவர் கேட்டிருக்கிறார். அப்போது எனக்குப் பத்து வயது.

ஜீவனஹள்ளியில் எங்கள் வீடு ஒரு வரிசை வீட்டின் கடைசி. அப்பா மாநில அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. அம்மா, அப்பா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து பெங்களூருக்கு வந்துவிட்ட குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலில் கன்னடம், கறிக்கடையில் உருது. யாரும் யோசித்து மாற்றுவதில்லை. செருப்பைக் கழற்றுவது போலப் பாஷையைக் கழற்றிப் போடுவோம்.

அத்தைக்கு அப்போது இருபது வயது இருக்கலாம். வீட்டில் வால்வு ரேடியோ ஒன்று இருந்தது. திருகினால் உடனே பாடாது. உள்ளே சூடேறி, தூசி வெந்த ஒரு வாசனை வரும். அப்புறம் முகப்பில் பச்சைக் கண் ஒன்று மெதுவாகத் திறக்கும். அந்தக் கண் திறக்கும் வரை அத்தை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பாட்டு வந்ததும் அரிசி புடைக்கும் கை தாளத்துக்கு மாறிவிடும். அம்மா சமையலறையிலிருந்து கத்துவாள்: "கல்லைப் பொறுக்குடின்னா தாளம் போடுது பாரு! ராத்திரி எல்லார் பல்லும் உடையட்டும்."

எனக்கு ஒரு விசித்திரமான ஞாபகசக்தி இருந்தது. பாடத்தில் இல்லை, பாட்டில். ஒரு பாட்டை இரண்டு முறை கேட்டால் போதும். எந்த இடத்தில் வயலின் நுழைகிறது, பாடகி எங்கே மூச்சு வாங்குகிறாள், எந்தச் சொல்லைச் சற்று இழுக்கிறாள், எல்லாம் அப்படியே உள்ளே பதிந்துவிடும். தெருமுனையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர் இதைக் கண்டுபிடித்தார். அவர் கடையில் இசைத்தட்டுகள் பழுப்புக் காகித உறைகளில் நின்றபடி அடுக்கியிருக்கும். கிராமபோன் ஊசிகள் ஒரு சின்னத் தகர டப்பாவில் இருக்கும்; அதைக் குலுக்க எனக்கு மட்டும் அனுமதி உண்டு. ஒரு தட்டில் கீறல் விழுந்து எங்கே எகிறிக் குதிக்கும் என்பதை அவருக்கு முன்பே நான் சொல்லிவிடுவேன். "இவன் பையன் இல்லப்பா, ரெக்கார்டு" என்பார். தெரு முழுக்க எனக்கு அதுவே பெயராயிற்று. எனக்கு அதில் அளவில்லாத பெருமை.

பெங்களூரில் பிள்ளையார் சதுர்த்தி எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் தெருப் பந்தலில் ஒரு சாயங்காலம் ரெக்கார்டு பந்தயம் நடக்கும். மைக் செட்காரர் ஒரு தட்டை முழுதாக ஓடவிடுவார். மரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் வழியே அது காக்ஸ் டவுன் வரை கேட்கும். தட்டு முடிந்ததும் போட்டிக்காரர் மெல்லிசைக் குழுவோடு மேடையேறி அதே பாட்டைப் பாட வேண்டும். யார் ரெக்கார்டு மாதிரியே பாடுகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. ரெக்கார்டு மாதிரி என்றால் நிஜமாகவே அப்படித்தான்: பாடகி இருமியிருந்தால் நாமும் இரும வேண்டும் என்கிற அளவுக்கு. இன்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. அன்று எங்களுக்கு மெட்ராஸில் பதிவானதுதான் பாட்டு. இங்கே மனிதர்கள் வாயிலிருந்து வருவதெல்லாம் அதன் நகல். நகலில் பிழை இருக்கக் கூடாது.

எனக்குப் பத்து வயதாவதற்கு முந்தைய வருடம் நடுவராக இருந்தவர் தன் மச்சினனுக்குப் பரிசு கொடுத்துவிட்டார். நாற்காலிகள் பறந்தன. அதனால் அந்த வருடம் பந்தல் கமிட்டித் தலைவர் ஒரு யோசனை சொன்னார். பெரியவர்கள் யாரும் வேண்டாம், இந்தப் பையனை உட்கார வைப்போம். இவனுக்குத்தான் எல்லாப் பாட்டும் தெரியுமே. குழந்தை பொய் சொல்லாது.

அந்த வருடம் பந்தயத்தில் வெறும் பரிசுப் பாத்திரம் மட்டும் இல்லை. மெல்லிசைக் குழுவை நடத்திய மாஸ்டருக்கு நிரந்தரமாக ஒரு பெண் குரல் தேவைப்பட்டது. அக்கார்டியன் வாசிப்பவர், வழுக்கைத் தலை, எப்போதும் வெள்ளைச் சட்டை. ஜெயிக்கும் பெண்ணைக் குழுவில் சேர்த்துக்கொண்டு கோலார் தங்கவயல், மைசூர் என்று கச்சேரிக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். அவருடைய மனைவியும் கூடவே வருவாள், பெண்களுக்குப் பயமில்லை என்றும் சொல்லியிருந்தார். அத்தை பெயர் கொடுத்தாள்.

வீட்டில் அன்று நடந்த பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

"மேடையேறிப் பாடுறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்றார் அப்பா.

"எஸ்.எஸ்.எல்.சி.யோட நிறுத்தினீங்களேண்ணா. அதுக்கு மேலயா படிக்க வெச்சீங்க?"

"வாய் பாரு இவளுக்கு."

"வாயை வெச்சுத்தாண்ணா பாடணும்."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது, மீசைக்குள் அடக்கிக்கொண்டார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்: "சரி. ஜெயிச்சேன்னா போ, நான் தடுக்கல. தோத்தேன்னா இந்த வீட்டுல பாட்டுப் பேச்சே வரக் கூடாது. மாப்பிள்ளை பாத்துடுவேன்."

"ஒத்துக்கிட்டேன்" என்றாள் அத்தை, கொஞ்சமும் யோசிக்காமல்.

எதிர்வீட்டில் ஒரு கன்னடத்து அக்கா இருந்தாள். அவள் கணவன் பம்பாய்க்கு வேலைக்குப் போனவன், போனதோடு சரி. வாசல் பாட்டு ரேடியோவில் வரும்போதெல்லாம் அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து நிலைப்படியில் சாய்ந்து நிற்பாள். தமிழ் அவ்வளவாகப் புரியாது. "ஏன் ஹேள்தாளே அவளு?" என்று கேட்பாள், என்ன சொல்கிறாள் அவள் என்று. அத்தை வரிவரியாகக் கன்னடத்தில் சொல்வாள். ஒரு நாள் சொன்னது போல மறுநாள் சொல்ல மாட்டாள். அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். பம்பாய் ரயில் வரும், தபால்காரரின் மணி வரும், எங்கள் தெருக் குழாயடி வரும். சொல்லிச் சொல்லி அது ஒரு நாள் பாட்டின் மெட்டிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த அக்கா, "இன்னொந்து சல" என்றாள், இன்னொரு தரம் என்று. இப்படித்தான் அந்த மூன்றாவது சரணம் பிறந்தது. நான் அங்கேயே சீட்டாடிக்கொண்டிருந்தேன். பிறந்ததைப் பார்த்தவன் நான்.

பந்தயத்துக்கு அத்தை வாசல் பாட்டைத்தான் எடுத்தாள். நான்தான் ஒத்திகை பார்த்தேன். பாட்டு முழுவதையும் ஒரு பிசிறில்லாமல் பாட அவளால் முடியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் எங்காவது விலகிப்போவாள். பல்லவிக்கு முன்னால் வரும் ஹம்மிங்கை விட்டுவிடுவாள். தாழ்ப்பாள் என்ற சொல்லில் பாடகி கீழே இறங்குவாள். இவள் மேலே போவாள்.

"அத்தை, நீ மாத்திப் பாடுற."

"தெரியும்டா."

"அங்க இறங்கணும்."

"கதவு திறந்திருக்குன்னு சொல்றவ குரலை ஏன்டா இறக்கணும்? அவனுக்குக் கேக்க வேணாமா?"

"ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு."

அத்தை என் தலையில் குட்டிவிட்டுச் சிரித்தாள். "நீ ரெக்கார்டு. திருகிவிட்டா ஓடுவே. நான் மனுஷிடா."

அதுவரை எனக்குக் கிரீடமாக இருந்த பெயர் அன்று முதல்முறையாக வசவு மாதிரி விழுந்தது. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. அது இன்னும் எரிந்தது.

பந்தய நாளன்று லேசான தூறல். பந்தலின் சாக்குப் படுதா நனைந்து நாறியது. சுருமுரிக்காரர் பொரியில் கலக்க வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தார். அந்த வாசனையும் ஊதுவத்திப் புகையும் கலந்து கண்ணைக் கரித்தன. என்னை மேடைக்குக் கீழே, பிள்ளையாருக்கு நேர் எதிரே, மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கால் தரையில் எட்டவில்லை.

ஆரம்பிக்கும் முன்பே ஒருவர் எழுந்தார். "அந்தப் பொண்ணு இவனுக்கு அத்தையாமே? அப்ப தீர்ப்பு எப்படி இருக்கும்னு தெரியாதா? போன வருஷம் மச்சினன், இந்த வருஷம் அத்தையா?"

கூட்டம் சிரித்தது. கமிட்டித் தலைவர் கையைப் பிசைந்தார். அப்போது அப்பா முன்னால் வந்து என் தோளில் கை வைத்தார். "என் பையனுக்கு அத்தையும் ஒண்ணுதான், அடுத்தவளும் ஒண்ணுதான். உள்ளதை உள்ளபடி சொல்லுவான். நான் பொறுப்பு." பிறகு குனிந்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "மானத்தைக் காப்பாத்துடா."

அப்பா நேர்மைக்காகச் சொன்னார் என்றே நெடுங்காலம் நம்பினேன். இப்போது அப்படி நம்பவில்லை. சின்ன விலகலைக்கூட நான் விடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அத்தை விலகாமல் பாட மாட்டாள் என்றும் தெரியும். தங்கையைத் தன் வாயால் தடுக்க முடியாத ஒரு மனிதர் அதற்கு மகனின் வாயைத் தேடிக்கொண்டார். அவரை நான் திட்டவில்லை. அன்பான மனிதர்தான், பயந்த மனிதர். அவர் பங்கு அவருடையது. என் பங்கு தனி.

முதலில் பாடிய பெண் கச்சிதமாகப் பாடினாள். எங்குமே பிழையில்லை. கூட்டம் விசிலடித்தது. அவள் பாடிய எதுவும் இன்று எனக்கு நினைவில்லை. ஏனென்றால் அது தட்டுத்தான்.

பிறகு அத்தை. மாம்பழ நிறப் புடவை. மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். ஹம்மிங் இல்லை, எடுத்ததுமே பல்லவி. நான் ஒரு விரலை மடக்கினேன். தாழ்ப்பாளில் மேலே போனாள், இன்னொரு விரல். இரண்டு சரணமும் முடிந்து பல்லவியோடு பாட்டு நிற்க வேண்டும். அக்கார்டியன் நின்றது. ஆனால் அத்தை நிற்கவில்லை. மேடையோரம் நின்றிருந்த எதிர்வீட்டு அக்காவைப் பார்த்துக்கொண்டே கன்னடத்தில் தொடங்கினாள். தபேலாக்காரர் முதலில் திகைத்தார், பிறகு விரல் நுனியால் மெதுவாகத் தொடர்ந்தார். குரலும் தபேலாவும் மட்டும்.

சுருமுரிக்காரரின் கத்தி நின்றது எனக்குக் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணில் நீர் வந்தது. வெங்காயம் என்று நான் அப்போது வைத்துக்கொண்டேன். அந்தச் சிலிர்ப்பு எனக்குப் பயமாக இருந்தது. தட்டில் இல்லாத ஒன்று எனக்கு ஏன் இப்படிச் செய்கிறது? அதனால் கேட்பதை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு விரல். எண்ணுகிறவனுக்குப் பாட்டு காதில் விழாது. அது அப்போதே எனக்குத் தெரியும், தெரிந்தேதான் எண்ணினேன்.

அவள் முடித்தபோது கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டு அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். கமிட்டித் தலைவர் என்னைப் பார்த்தார்.

"ரெக்கார்டுல இருக்கிற மாதிரி இல்ல" என்றேன். அது உண்மை.

தலைவர் திரும்புவதற்குள் மாஸ்டர் அக்கார்டியனைக் கழற்றி வைத்துவிட்டு மேடை விளிம்பில் வந்து குந்தினார். அவர் முகமும் ஈரமாக இருந்தது. "அவசரம் வேணாம் தம்பி" என்றார் மெதுவாக. "மாதிரி இல்ல, எனக்கும் தெரியுது. நான் கேக்கிறது வேற. வேற மாதிரி பாடினாங்களா, தப்பாப் பாடினாங்களா? அதை மட்டும் சொல்லு."

அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். வேற மாதிரி என்று சொன்னால் போதும், அவரே பார்த்துக்கொள்வார். அந்தப் பத்து வயதில் எனக்கு அது முழுதாகப் புரிந்தது. சின்னப் பிள்ளை, தெரியாமல் சொன்னான் என்று யாராவது எனக்காகச் சொல்ல வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். என் தோளில் அப்பாவின் கை இருந்தது. மச்சினன் என்று சிரித்தவர்கள் சுற்றி நின்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீ ரெக்கார்டு, நான் மனுஷி என்று அவள் சிரித்தது இருந்தது. மேடையைப் பார்த்தேன். அத்தை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தோற்றுவிடுவோம் என்ற எண்ணமே இல்லாத முகம்.

"தப்பு" என்றேன்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. "பாருய்யா பையனை! அத்தைன்னும் பாக்கல!" என்று யாரோ என்னைத் தூக்கினார்கள். கோலி சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அப்பா என் முதுகைத் தட்டினார். அத்தனை புகழை அதற்குப் பிறகு நான் வாங்கியதில்லை.

முதலில் பாடிய பெண் குழுவோடு போனாள். அத்தை அழவில்லை, சண்டை போடவில்லை, என்னிடம் முகத்தைத் திருப்பவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ரேடியோவின் பச்சைக் கண் திறந்தால் எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். எதிர்வீட்டு அக்கா நிலைப்படியில் வந்து நிற்பதும் நின்றுபோயிற்று. அடுத்த தை மாதம் பொம்மனஹள்ளிப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. அப்போது அது வயல்காடு. "நல்ல இடம், எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணங்களிலும் காரியங்களிலும் அத்தையைப் பார்ப்பேன். எப்படிடா இருக்கே என்பாள். நன்றாக இருக்கிறேன் என்பேன். அதைத் தாண்டி அறுபது வருடம் ஒரு வார்த்தை நகரவில்லை.

பெஞ்சிலிருந்து எழுந்து நான் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஏறி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போனேன், பாடிய அந்தப் பெண்ணைத் தேடி அல்ல. அத்தை இப்போது மகளோடு அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். மேம்பாலத்தில் பஸ் போகப் போக, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டேன். ஒன்றும் உதவவில்லை.

அத்தை பால்கனி ஓரம் நாற்காலியில் இருந்தாள். சுருங்கிச் சின்னதாகிவிட்டாள். மகள் கதவைத் திறந்துவிட்டு, "என்ன மாமா, சொல்லாம கொள்ளாம? அம்மாவைப் பாக்க இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று காபி போடப் போனாள்.

நான் உட்காரக்கூட இல்லை. "அத்தை, அன்னிக்கு நீ பாடினது தப்பு இல்ல. தெரிஞ்சேதான் தப்புன்னு சொன்னேன்" என்றேன்.

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"தெரியும்டா" என்றாள். "விரலை மடக்கிட்டு உக்காந்திருந்தே. அழுதுகிட்டே மடக்கினே. மேடையிலருந்து எல்லாம் தெரியும்."

"என்னை ஒரு வார்த்தை திட்டலியே நீ."

"பத்து வயசுல திட்டறதா? நாப்பது வயசுல வந்து சொல்லியிருந்தா திட்டியிருப்பேன். நீ வரல."

முட்டாள்தனமாக ஒன்று கேட்டேன். "ஒரு தரம் அதைப் பாடேன் அத்தை. இப்ப."

"ஏன்? உன் பாரம் இறங்கறதுக்கா?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. "நான் பாட மாட்டேன். வேணும்னா ஒண்ணு செய். என் பொண்ணுக்கு நான் பாடுவேன்னே தெரியாது. அவகிட்ட சொல்லு. பந்தல்ல சொன்ன மாதிரி சத்தமா சொல்லு."

மகள் காபியோடு வந்து நின்றாள். சொன்னேன். பந்தல், மாஸ்டர், எதிர்வீட்டு அக்கா, நான் சொன்ன ஒற்றைச் சொல், எல்லாவற்றையும். என் மேல் எந்தச் சலுகையும் காட்டாமல் சொன்னேன்.

"அம்மாவா? பாட்டா?" மகள் டம்ளரைக் கீழே வைத்தாள். "டி.வி.யில பாட்டு வந்தாலே அணைன்னு சொல்லுவாங்களே. இவங்களுக்குப் பாட்டே ஆகாதுன்னு நான் என் பசங்ககிட்ட எல்லாம்..." அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். "ஏம்மா சொல்லல?"

"நீ கேட்டியா?" என்றாள் அத்தை.

மகள் என் பக்கம் திரும்பினாள். "எப்படி மாமா பாடுவாங்க? உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே. பாடிக் காட்டுங்க."

நான் பாடகன் அல்ல; நீங்கள் அறிவீர்கள். இருந்தாலும் தொடங்கினேன். ஹம்மிங் இல்லாமல், எடுத்ததுமே பல்லவி. தாழ்ப்பாளில் என் கிழட்டுக் குரலை மேலே ஏற்றினேன், அது உடைந்தது. அத்தை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியின் கைப்பிடியில் அவளுடைய ஆள்காட்டி விரல் தட்ட ஆரம்பித்திருந்தது. முதல் சரணம், இரண்டாவது சரணம், மறுபடி பல்லவி. மூன்றாவது சரணத்தின் வாசலில் போய் நின்றேன்.

அது என்னிடம் இல்லை. உலகத்திலுள்ள அத்தனை பேர் பாடிய வாசல் பாட்டும் என் தலைக்குள் இருக்கிறது. பம்பாய் ரயில் வரும் என்று தெரியும், குழாயடி வரும் என்று தெரியும். சொற்கள் ஒன்றுகூட இல்லை. அது பிறந்த அன்று என் கவனம் சீட்டில் இருந்தது. ஒத்திகைகளில் அவள் அங்கே போகும்போதெல்லாம் கோபத்தில் காதை மூடிக்கொண்டேன். மேடையில் விரலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அத்தை, அது எனக்கு..."

"எனக்கும் மறந்துடுச்சு" என்றாள்.

ஆனால் விரல் நிற்கவில்லை. அதே நிதானத்தில் தட்டிக்கொண்டே போனது. வரி திரும்புகிற இடத்தில் சற்றுத் தங்கி, மறுபடி புறப்பட்டது. மகள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் கையசைத்து நிறுத்தினேன். அத்தையின் உதடு அசையவில்லை. பார்வை வெளியே எங்கோ, ஒரு முகத்தின் மேல் நிலைத்திருப்பது போல இருந்தது. ஒரு சரணம் முழுவதும், முதலிலிருந்து கடைசி வரை, எங்கள் இருவருக்கும் கேட்காமல் அந்த வீட்டில் நடந்து முடிந்தது.

விரல் நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப பல்லவி" என்றாள். "எடு."

எடுத்தேன்.